குறைந்த செலவில் கார் ஆடியோ: எதையும் இருமுறை வாங்காமல் திட்டமிடும் முறை

கார் ஆடியோவுக்கு ஒதுக்கிய பணத்தை அதிகம் தின்பது மறுமுறை வாங்குவதே. மலிவாகக் கிடைத்தது என்று, தாழ்ந்த ஒலிகளுக்கான சப்வூஃபரை முதலில் வாங்குகிறோம். பிறகு வாங்கும் ஆம்ப்ளிஃபையர் (சிக்னலைப் பெருக்கி ஸ்பீக்கரை இயக்கும் கருவி) அதன் ஓம் அளவோடு, அதாவது மின்தடையோடு, ஒத்துப்போவதில்லை. அதற்கேற்ற ஆம்ப்ளிஃபையரை மாற்றி வாங்கினால் ஏற்கெனவே இழுத்த மின்கம்பியின் பருமன் போதவில்லை. இப்படி ஒவ்வொன்றாகக் கழற்றி மூலையில் வைத்ததன் கூட்டுத்தொகையைப் பார்த்தால், நடுத்தர விலையில் ஒரு முழுமையான அமைப்பையே வாங்கியிருக்கலாம் என்று தெரியவரும். ஆகவே கையில் பணம் குறைவாக இருப்பவர், பணம் அதிகமாக இருப்பவரைக் காட்டிலும் கவனமாகத் திட்டமிட வேண்டியிருக்கிறது. முழு அமைப்பையும் முதல் நாளிலேயே காகிதத்தில் வரைந்துவிட்டு, பொருள்களை மட்டும் தவணை தவணையாக வாங்குவதே இந்த வழிகாட்டியின் அடிப்படை.

இங்கே நாம் எடுத்துக்கொள்ளும் இறுதி வடிவம் எளிமையானது: முன்கதவுகளில் ஒரு நல்ல ஜோடி ஸ்பீக்கர், ஒரு நான்கு சேனல் ஆம்ப்ளிஃபையர் (நான்கு தனித்தனி வெளியீடுகள் கொண்டது), மூடிய பெட்டியில் ஒரு சப்வூஃபர். பின்பக்க ஸ்பீக்கர்கள் காரோடு வந்தவையே இருக்கட்டும். ஓட்டுநருக்கும் அருகில் அமர்பவருக்கும் தெளிவான, நிறைவான ஒலி தேவை என்றால் இதற்கு மேல் எதுவும் அவசியமில்லை.

முதல் படி: இருப்பதைக் கேட்டறிதல்

எதையும் வாங்குவதற்கு முன் ஒரு வாரம் இருக்கும் அமைப்பையே ஒழுங்குபடுத்திக் கேளுங்கள். டாஷ்போர்டில் இருக்கும் பாட்டுக் கருவியான ஹெட் யூனிட்டின் ஈக்வலைசரில் யாரோ எப்போதோ உயர்த்திவைத்த பேஸ் (தாழ்ந்த ஒலி), ட்ரெபிள் (உயர்ந்த ஒலி) அளவுகளை எல்லாம் நடுநிலைக்குக் கொண்டுவாருங்கள். ஒலியை முன்னுக்கும் பின்னுக்கும் பங்கிடும் ஃபேடரை ஓரளவு முன்பக்கம் நகர்த்துங்கள். பாடல் செயலியில் ஒலித்தரத்தை உயர்ந்த நிலைக்கு மாற்றுங்கள். பல கைபேசிகளில் அது தரவைச் சேமிக்கும் நிலையிலேயே ஆண்டுக்கணக்கில் கிடக்கிறது. ஒரே பாடலை ஒருமுறை புளூடூத் வழியாகவும், ஒருமுறை யு.எஸ்.பி. கம்பி வழியாகவும் கேட்டு வேறுபாட்டைக் கவனியுங்கள்.

பிறகு குறையை எழுதிவைக்க வேண்டும். குரல் மங்கலாக இருக்கிறதா, ஒலியைக் கூட்டினால் கரகரக்கிறதா, கதவு அதிர்கிறதா, மேளத்தின் அடி வெறும் தட்டலாக மட்டும் கேட்கிறதா என்று தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். மங்கலான குரலுக்குத் தீர்வு ஸ்பீக்கரில் இருக்கிறது, கரகரப்புக்கு ஆம்ப்ளிஃபையரில், அதிர்வுக்குக் கதவில், மேள அடிக்குக் கதவிலும் சப்வூஃபரிலும். இந்தக் குறிப்பு கையில் இல்லாமல் கடைக்குள் நுழைபவர், விற்பவர் எதைத் தள்ளிவிட நினைக்கிறாரோ அதைச் சுமந்துகொண்டு வெளியே வருவார்.

பணத்தைப் பங்கிடுதல்

மொத்தத் தொகையை நூறு பங்காக வைத்துக்கொண்டால், முன்பக்க ஸ்பீக்கர்களுக்கு 30, கதவைச் சீரமைப்பதற்கு 10, நான்கு சேனல் ஆம்ப்ளிஃபையருக்கு 30, மின்கம்பி, ஃபியூஸ், சிக்னல் கேபிள் ஆகியவற்றுக்கு 10, சப்வூஃபருக்கும் பெட்டிக்கும் சேர்த்து 20 என்பது நான் பரிந்துரைக்கும் பங்கீடு. கம்பிக்கும் கதவுக்கும் போகும் இருபது பங்கைக் கண்டு பலர் முகம் சுளிப்பார்கள். கண்ணில் படாத பொருளுக்கு ஏன் இவ்வளவு என்று கேட்பார்கள். பின்னால் அந்தந்த இடத்தில் காரணத்தைச் சொல்கிறேன்.

புதிய ஹெட் யூனிட்டுக்கு இந்தக் கணக்கில் இடமில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். பெரிய தொடுதிரை கண்ணைக் கவரும். ஆனால் ஒலியில் அது தரும் முன்னேற்றம், அதே பணத்தை ஸ்பீக்கரிலோ கதவிலோ போட்டால் கிடைப்பதைவிட மிகக் குறைவு. காரோடு வந்த ஹெட் யூனிட்டில், ஆம்ப்ளிஃபையருக்குச் சிக்னல் அனுப்பும் ஆர்.சி.ஏ. வெளியீடு இல்லாவிட்டாலும் கவலை வேண்டாம். ஸ்பீக்கர் கம்பியிலிருந்தே சிக்னலை ஏற்கும் வசதி இன்று பல நான்கு சேனல் ஆம்ப்ளிஃபையர்களில் இருக்கிறது. அந்த வசதி உள்ளதையே தேர்ந்தெடுத்தால் தனியாக மாற்றுக் கருவி வாங்கும் செலவும் மிச்சமாகும். ஒன்றை மட்டும் சோதித்துக்கொள்ள வேண்டும்: சில கார்களின் ஹெட் யூனிட், சிறிய ஸ்பீக்கர்களைக் காப்பாற்றுவதற்காக, ஒலியைக் கூட்டக்கூட பேஸைத் தானாகவே குறைத்துவிடும். உங்கள் கார் அப்படிப்பட்டது என்றால் ஹெட் யூனிட்டை மாற்றுவதற்கு நியாயமான காரணம் கிடைத்துவிட்டது; இல்லையென்றால் அதைத் தொட வேண்டாம்.

அட்டைப்பெட்டியில் அச்சிட்ட வாட்

பணத்தைப் பாதுகாக்க வேண்டுமானால் இந்த ஒரு கணக்கைப் புரிந்துகொள்ள வேண்டும். ஹெட் யூனிட்டின் பெட்டியில் 50 வாட், நான்கு சேனல் என்று அச்சிட்டிருப்பார்கள். எஞ்சின் ஓடும்போது காரின் மின்னழுத்தம் அதிகபட்சம் 14.4 வோல்ட் அளவில் இருக்கும். 14.4ஐ அதனாலேயே பெருக்கி, ஸ்பீக்கரின் 4 ஓமால் வகுத்தால் சுமார் 52 வருகிறது. அதாவது, மின்னழுத்தம் முழுவதும் சிறிதும் இழப்பில்லாமல் சதுர அலையாக ஸ்பீக்கருக்குப் போனால் கிடைக்கும் எண் அது. இசை அப்படி இருப்பதில்லை. உள்ளிருக்கும் சிப்பின் இழப்பு போக ஏறத்தாழ 13 வோல்ட் உச்சம் கொண்ட சைன் அலையின் ஆர்.எம்.எஸ். மதிப்பு (உண்மையில் பயன்தரும் சராசரி அளவு) 9.2 வோல்ட், அதன்படி கணக்கிட்டால் ஒரு சேனலுக்கு 21 வாட் மட்டுமே தேறும். எனவே ஹெட் யூனிட்டின் உண்மையான திறன் 15 முதல் 20 வாட் வரை என்றே வைத்துக்கொள்ள வேண்டும்.

தனி ஆம்ப்ளிஃபையரை வாங்கும்போதும் உச்ச வாட், அதிகபட்ச வாட் என்னும் எண்களை ஒதுக்கிவிட்டு ஆர்.எம்.எஸ். வாட்டை மட்டும் பாருங்கள். சி.இ.ஏ. 2006 (இப்போது சி.டி.ஏ. 2006) என்று ஒரு தர அளவீடு இருக்கிறது. இதில் 2006 என்பது ஆண்டைக் குறிப்பதன்று, தரத்தின் எண்தான். 14.4 வோல்ட்டில், 4 ஓம் சுமையில், ஒரு சதவீதத்துக்கு மிகாத ஒலிச்சிதைவோடு அளந்த வாட்டையே அது ஏற்கிறது. அந்தக் குறிப்பு இருக்கும் ஆம்ப்ளிஃபையரின் எண்ணை நம்பலாம்.

குறிப்பு இல்லாத பொருளைச் சோதிக்க ஓர் எளிய வழி உண்டு: ஆம்ப்ளிஃபையரின் பக்கவாட்டில் இருக்கும் ஃபியூஸைப் பாருங்கள். அது 30 ஆம்பியர் என்றால், 13.8 வோல்ட்டில் உள்ளே வரக்கூடிய மொத்த மின்திறன் 414 வாட். குறைந்த இழப்போடு இயங்கும் டி வகை ஆம்ப்ளிஃபையரில் அதில் சுமார் 80 சதவீதம் ஸ்பீக்கருக்குப் போகும் என்று கொண்டாலும் எல்லாச் சேனல்களும் சேர்ந்து 330 வாட்டைத் தாண்ட முடியாது. பெட்டியில் 2000 வாட் என்று எவ்வளவு பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தாலும் ஃபியூஸ் பொய் சொல்வதில்லை.

முன்கதவு ஸ்பீக்கர்கள்

முன்கதவில் எந்த அளவு ஸ்பீக்கர் பொருந்தும் என்பதைக் கதவின் உள்பலகையைக் கழற்றி நேரில் அளந்தே முடிவு செய்ய வேண்டும். பல கார்களில் ஆறரை அங்குல ஸ்பீக்கருக்கு இடமிருக்கும். சிலவற்றில் ஐந்தேகால் அங்குலம்தான் பொருந்தும். விட்டத்தைவிட ஆழமே அதிகம் ஏமாற்றும். கண்ணாடியை முழுவதும் கீழே இறக்கிவைத்துவிட்டு, ஸ்பீக்கர் அமரும் தகட்டிலிருந்து கண்ணாடி வரை உள்ள இடைவெளியை அளக்க வேண்டும். முதன்முதலாக ஸ்பீக்கர் மாற்றியபோது நான் கண்ணாடியை ஏற்றிவைத்த நிலையில் அளந்தேன். எல்லாவற்றையும் திருகி முடித்து, பலகையையும் மூடிய பிறகு கண்ணாடியை இறக்கினால் பாதியில் காந்தத்தில் இடித்து நின்றது. இடைவெளி குறைவாக இருந்தால், நீரில் ஊறாத பிளாஸ்டிக் வளையம் ஒன்றை இடையில் வைத்து ஸ்பீக்கரைச் சற்று முன்னால் கொண்டுவரலாம். எம்.டி.எஃப். பலகையில் (மரநாரை அழுத்திச் செய்தது) வளையம் வெட்டினால், அதற்கு நீர்புகா வண்ணம் பூசாமல் பொருத்தக் கூடாது. மழைநீர் கதவுக்குள் இறங்குவது இயல்பு என்பதால் சில மாதங்களில் அது ஊதி உதிர்ந்துவிடும்.

கோஆக்சியல் வகையில், உயர்ந்த ஒலிகளுக்கான சிறிய ட்வீட்டர் ஸ்பீக்கரின் நடுவிலேயே இருக்கும். காம்போனென்ட் வகையில் ட்வீட்டர் தனியாக வரும், அதைக் கண்ணாடித் தூணருகே மேலே பொருத்தலாம். உயர்ந்த ஒலிகள் நேர்கோட்டில் பாயும் தன்மை கொண்டவை. முழங்காலருகே இருக்கும் கோஆக்சியல் ட்வீட்டரின் ஒலியில் பெரும்பகுதி காலிலும் இருக்கையிலும் பட்டு மங்கிவிடுகிறது. ட்வீட்டருக்கு ஏற்கெனவே இடம் ஒதுக்கிய காராக இருந்தால் காம்போனென்ட் வாங்குவதே சரி. இல்லாவிட்டால், துளையிட மனமில்லாதவர் நல்ல கோஆக்சியலோடு நிறைவடையலாம். மட்டமான காம்போனென்ட்டைவிட அது எவ்வளவோ மேல்.

ஸ்பீக்கரின் உணர்திறன் எண்ணையும் கவனிக்க வேண்டும். ஒரே வாட்டில் 3 டெசிபெல் கூடுதலாக ஒலிக்கும் ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபையரின் திறனை இரட்டிப்பாக்கியதற்குச் சமம். முதல் கட்டத்தில் ஹெட் யூனிட்டின் 15 வாட்டிலேயே இயக்கப்போகிறோம் என்பதால் 90 டெசிபெலுக்கு மேல் இருப்பதைத் தேடலாம். ஆனால் ஒரு வாட்டில் அளந்த எண்ணையும் 2.83 வோல்ட்டில் அளந்த எண்ணையும் அப்படியே ஒப்பிடக் கூடாது. 4 ஓம் ஸ்பீக்கருக்கு 2.83 வோல்ட் என்பது இரண்டு வாட். ஆகவே அந்த முறையில் அளந்த எண் 3 டெசிபெல் கூடுதலாகவே தெரியும்.

கதவைப் பெட்டியாக்குதல்

ஸ்பீக்கரின் கூம்பு முன்னால் நகரும்போது பின்பக்கத்துக் காற்று எதிர்த்திசையில் இழுபடுகிறது. கதவின் உட்தகட்டில் இருக்கும் பெரிய துளைகள் வழியாக அந்தப் பின்பக்க அலை கசிந்து வந்து முன்பக்க அலையோடு மோதினால், தாழ்ந்த ஒலிகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். புதிய ஸ்பீக்கர் போட்டும் பேஸ் வரவில்லையே என்று வருந்துபவர்களில் பலருக்குக் காரணம் இந்தக் கசிவுதான். கதவு காற்றுப்புகாத பெட்டிபோல் ஆகும்போது, அதே ஸ்பீக்கர் இரண்டு மடங்கு விலையுள்ளதுபோல் ஒலிக்கும் என்று சொன்னால் மிகையாகத் தோன்றும்; கேட்டுப் பார்த்தவர்கள் ஒப்புக்கொள்வார்கள்.

வேலை இரண்டு பகுதி கொண்டது. முதலில், வெளித்தகட்டின் உட்புறத்தைத் துடைத்து எண்ணெய்ப்பசை நீக்கி, அலுமினியத் தாள் ஒட்டிய பியூட்டைல் (ஒட்டும் தன்மையுள்ள ரப்பர்) விரிப்பைத் துண்டுகளாக வெட்டி உருளையால் அழுத்தி ஒட்ட வேண்டும். தகடு முழுவதையும் மூட வேண்டிய தேவை இல்லை. அதிர்வது நடுப்பகுதியே என்பதால் பரப்பில் கால் பங்கை மூடினாலே தட்டும்போது வரும் டங்கென்ற ஓசை அடங்கிவிடும். கூரைக்கு ஒட்டும் தார் விரிப்பு மலிவு என்று அதை நாடுபவர்கள், வெயிலில் நின்ற காருக்குள் தார் வாடையோடு அமர நேரும். சூட்டில் அது வழிந்து கழன்றும் விழும். பணத்தைச் சேமிக்க வேண்டுமானால் பியூட்டைலைக் குறைவாக ஒட்டுங்கள், தாருக்கு மாறாதீர்கள்.

அடுத்து, உட்தகட்டின் துளைகளை மூட வேண்டும். சிறிய துளைகளுக்கு விரிப்பே போதும். கையை நுழைக்கும் அளவுள்ள துளைகளுக்கு மெல்லிய அலுமினியத் தகட்டையோ கெட்டியான பிளாஸ்டிக் பலகையையோ வெட்டித் திருகி, அதன்மேல் விரிப்பை ஒட்டலாம். கதவின் அடிவிளிம்பில் உள்ள வடிகால் துளைகளை எக்காரணம் கொண்டும் அடைக்கக் கூடாது; அடைத்தால் நீர் தேங்கிக் கதவே துருப்பிடிக்கும். சில கார்களில் பக்கவாட்டு மோதலை உணரும் அழுத்த உணரி கதவுக்குள் இருக்கும். அதையும், மஞ்சள் நிற இணைப்பான்கள் கொண்ட ஏர்பேக் கம்பிகளையும் தொடாமல் விட்டுவிடுங்கள். அத்தகைய உணரி இருக்கிறதா என்பது காரின் கையேட்டில் தெளிவாகாவிட்டால், கதவு வேலையை விவரமறிந்த பணியாளரிடம் ஒப்படைப்பதே நல்லது. கடைசியாக, ஸ்பீக்கரின் விளிம்புக்கும் உள்பலகையின் வலைக்கும் இடையில் நுரைப்பட்டை ஒன்றைச் சுற்றி ஒட்டினால், ஒலி பலகைக்குப் பின்னால் சிதறாமல் அறைக்குள் வரும். இந்த ஒரு பட்டைக்கு ஆகும் செலவு மிகச் சொற்பம்.

முதல் தவணை இங்கே முடிகிறது. சில மாதங்கள் இப்படியே கேளுங்கள். இதுவே போதும் என்று தோன்றினால் நிறுத்திவிடுவதில் எந்தக் குறைவும் இல்லை.

ஆம்ப்ளிஃபையரும் சப்வூஃபரும் ஒரே முடிவு

இரண்டையும் வெவ்வேறு மாதங்களில் வாங்கினாலும் ஒரே நாளில் முடிவு செய்ய வேண்டும். நான்கு சேனல் ஆம்ப்ளிஃபையரின் முதல் இரண்டு சேனல்கள் முன்பக்க ஸ்பீக்கர்களை இயக்கும். மற்ற இரண்டையும் பிரிட்ஜ் முறையில் ஒன்றாக இணைத்துச் சப்வூஃபருக்குக் கொடுக்கலாம். இதனால் சப்வூஃபருக்கென்று தனி ஆம்ப்ளிஃபையரும் அதற்கான கம்பியும் தேவைப்படுவதில்லை. சேனலுக்கு 4 ஓமில் 75 வாட், 2 ஓமில் 100 வாட் தரும் ஆம்ப்ளிஃபையர் ஒன்று, பிரிட்ஜ் செய்தால் 4 ஓமில் 200 வாட் தரும். சிறிய, நடுத்தரக் காருக்கு இது தாராளம்.

பலர் சறுக்குவது அடுத்து வரும் ஓம் கணக்கில்தான். இத்தகைய ஆம்ப்ளிஃபையர்களில் பெரும்பாலானவை பிரிட்ஜ் முறையில் 4 ஓமுக்குக் கீழே இறங்கக் கூடாது. ஆகவே, கூம்பை அசைக்கும் கம்பிச் சுருள் ஒன்று மட்டுமே உள்ள ஒற்றைச் சுருள் 4 ஓம் சப்வூஃபரை வாங்க வேண்டும்; அல்லது இரட்டைச் சுருள் 2 ஓம் வகையை வாங்கி, இரண்டு சுருள்களையும் தொடராக இணைத்து 4 ஓம் ஆக்க வேண்டும். இரட்டைச் சுருள் 4 ஓம் வகை இந்தத் திட்டத்துக்கு ஒத்துவராது: இணையாக இணைத்தால் 2 ஓமாகி ஆம்ப்ளிஃபையரைச் சுடவைத்து அணைத்துவிடும், தொடராக இணைத்தால் 8 ஓமாகி வாட் ஏறக்குறைய பாதியாகக் குறையும். கடையில் தள்ளுபடியில் கிடப்பது இந்த வகையாக இருந்தாலும் ஆசைப்படாதீர்கள்.

ஏ.பி. வகையா, டி வகையா என்ற கேள்விக்கு என் விடை டி வகையே. அது சிறியது, இருக்கைக்கு அடியில் அடங்கும், குறைவாகச் சூடாகும், மின்சாரத்தைக் குறைவாக இழுக்கும். முன்பக்கத்துக்கு 150 வாட்டும் சப்வூஃபருக்கு 200 வாட்டுமாக 350 வாட் தர டி வகைக்கு முழுவேகத்தில் சுமார் 32 ஆம்பியர் தேவை, ஏ.பி. வகைக்கு அதே வேலைக்கு 46 ஆம்பியர் வரை ஆகும். சிறிய கார்களின் ஆல்டர்னேட்டர் முகவிளக்கு, குளிரூட்டி, கண்ணாடித் துடைப்பான் ஆகியவற்றுக்குக் கொடுத்ததுபோக மிச்சம் வைத்திருப்பது சொற்பம் என்பதை நினைத்தால், இந்த 14 ஆம்பியர் வேறுபாட்டின் அருமை விளங்கும்.

பழைய பொருள் வாங்குவதாக இருந்தால் ஆம்ப்ளிஃபையரில் துணியலாம். ஒழுங்காகப் பயன்படுத்திய ஆம்ப்ளிஃபையர் பல்லாண்டுகள் உழைக்கும். நான்கு சேனலையும் ஸ்பீக்கரில் இணைத்து அரைமணி நேரம் ஓட்டிக்காட்டச் சொல்லுங்கள். சப்வூஃபர் என்றால் கூம்பின் இரு பக்கமும் விரல்களைச் சமமாக வைத்து மெதுவாக உள்ளே அழுத்திவிட வேண்டும். உராயும் ஓசை வந்தால் சுருள் தீய்ந்திருக்கிறது. மல்டிமீட்டரில் அளந்தால் 4 ஓம் சுருள் 3.2 முதல் 3.8 ஓம் வரை காட்டுவது இயல்பு.

மின்கம்பி, ஃபியூஸ், எர்த்

இந்தப் பகுதியில் மட்டும் சிக்கனம் கூடாது. பிழை நேர்ந்தால் கார் தீப்பற்றும். வேலையைத் தொடங்குவதற்கு முன் பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றிவிடுங்கள்.

டி வகை ஆம்ப்ளிஃபையருக்கு மேலே சொன்ன கணக்கின்படி 8 கேஜ் தூய செம்புக் கம்பி போதும். அதன் குறுக்குவெட்டு சுமார் 8.4 சதுர மில்லிமீட்டர். ஏ.பி. வகைக்கு 4 கேஜ், அதாவது 21 சதுர மில்லிமீட்டர் வேண்டும். மலிவான கம்பிப் பொட்டலங்களில் பெரும்பாலும் இருப்பது செம்புப் பூச்சிட்ட அலுமினியம். ஐந்து மீட்டர் நீளமுள்ள 8 கேஜ் செம்பில் 30 ஆம்பியர் ஓடினால் 0.3 வோல்ட் இழப்பு ஏற்படும். அதே பருமன் கொண்ட பூச்சுக் கம்பியில் அது 0.5 வோல்ட் அளவுக்கு உயரும். பூச்சுக் கம்பிதான் கட்டுப்படியாகும் என்றால் இரண்டு அளவு பருமன் கூடுதலாக வாங்குங்கள். கம்பியின் நுனியைச் சுரண்டிப் பார்த்தால் உள்ளே வெள்ளையாகத் தெரிவது அலுமினியம்.

ஃபியூஸ் காப்பாற்றுவது கம்பியை, ஆம்ப்ளிஃபையரை அன்று. ஆகவே பேட்டரியின் நேர்முனையிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் அது இருந்தாக வேண்டும். ஃபியூஸுக்கும் பேட்டரிக்கும் இடையிலுள்ள கம்பி எங்கேனும் தகட்டில் உரசி அறுந்தால் அதைத் தடுக்க எதுவும் இல்லை என்பதால் அந்தத் தூரத்தை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைக்க வேண்டும். 8 கேஜ் செம்புக்கு 40 ஆம்பியர் ஃபியூஸ் பொருத்தமானது. எஞ்சின் அறையிலிருந்து உள்ளே வரும் துளையில் ரப்பர் வளையம் கட்டாயம். ஃபியூஸ் அடிக்கடி எரிகிறது என்று பெரியதை மாற்றுவது, குழந்தை அழுகிறது என்று காதை அடைத்துக்கொள்வதைப் போன்றது.

ஆம்ப்ளிஃபையரைக் காரின் உடலோடு இணைக்கும் எர்த் கம்பி நேர்க்கம்பியின் பருமனிலேயே, அரை மீட்டருக்குள் முடிய வேண்டும். காரின் உடலோடு சேர்ந்த தகட்டில் வண்ணத்தைச் சுரண்டி, உலோகம் பளிச்சிடும் இடத்தில் போல்ட் போட்டு இறுக்குங்கள். இருக்கைப் பட்டையின் போல்ட்டையோ எரிபொருள் தொட்டிக்கு மேலுள்ள தகட்டையோ இதற்குப் பயன்படுத்தாதீர்கள். துளையிடும் முன் தகட்டின் மறுபக்கம் என்ன இருக்கிறது என்று படுத்துப் பார்த்துவிட வேண்டும். நேர்க்கம்பியைக் காரின் ஒரு பக்கமாகவும், ஆர்.சி.ஏ. சிக்னல் கேபிளை மறுபக்கமாகவும் இழுத்தால் எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் கீச்சொலி உள்ளே நுழையும் வாய்ப்பு குறையும். அப்படியும் கேட்டால் முதலில் எர்த்தைச் சந்தேகியுங்கள்.

சப்வூஃபர் பெட்டி

துளை வைத்த பெட்டி கூடுதல் ஓசை தரும். ஆனால் அளவில் சிறு பிழை நேர்ந்தாலும் ஒரே சுருதியில் முழங்கிக்கொண்டிருக்கும். மூடிய பெட்டி பிழையைப் பொறுத்துக்கொள்ளும், இடத்தையும் குறைவாக அடைக்கும். மேலும், காரின் மூடிய உள்வெளி தாழ்ந்த ஒலிகளைத் தானாகவே உயர்த்திக்கொடுப்பதால் வீட்டில் மெலிந்து கேட்கும் மூடிய பெட்டி காரில் நிறைவாகக் கேட்கும். பத்து அங்குலச் சப்வூஃபர் ஒன்று போதும்; அதற்கு எத்தனை லிட்டர் பெட்டி தேவை என்று தயாரிப்பாளர் தரும் தாளில் இருக்கும்.

கணக்கிடும்போது பலகையின் தடிமனைக் கழிக்க மறப்பது வழக்கமான தவறு. 18 மில்லிமீட்டர் எம்.டி.எஃப். பலகையில் வெளியளவு 45, 35, 28 சென்டிமீட்டராகச் செய்தால் உள்ளளவு 41.4, 31.4, 24.4 ஆகிறது, மூன்றையும் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 31.7 லிட்டர். சப்வூஃபரின் உடல் அடைக்கும் இரண்டு லிட்டரைக் கழித்தால் ஏறத்தாழ 30 லிட்டர் மிஞ்சும். மூட்டுகளில் பசையும் திருகும் போட்டு, உள்ளிருந்து சிலிக்கோன் பூசி அடைத்து, அது நன்றாக உலர்ந்து வாடை போன பிறகே சப்வூஃபரைப் பொருத்த வேண்டும். பெட்டியைக் காரின் தளத்தோடு பட்டைபோட்டுக் கட்டிவையுங்கள். திடீரென்று பிரேக் போட்டால் பதினைந்து கிலோ பெட்டி முன்னால் பறந்துவரும்.

அளவமைத்தல்

முதலில் கிராஸ்ஓவர், அதாவது எந்த ஒலி எந்த ஸ்பீக்கருக்குப் போக வேண்டும் என்று பிரிக்கும் அமைப்பு. முன்பக்கச் சேனல்களுக்கு 80 ஹெர்ட்ஸில் ஹை பாஸ் (அதற்கு மேலுள்ள ஒலியை மட்டும் விடுவது), சப்வூஃபருக்கு 80 ஹெர்ட்ஸில் லோ பாஸ் (அதற்குக் கீழுள்ளதை மட்டும் விடுவது) என்று தொடங்குங்கள். ஒரே ஒலியளவில் அதிர்வெண் பாதியாகும்போதெல்லாம் கூம்பு நான்கு மடங்கு தூரம் அசைய வேண்டியிருக்கிறது. அந்தச் சுமையை இறக்கிவிட்டால் ஆறரை அங்குல ஸ்பீக்கர் எவ்வளவு தெளிவாகக் குரலைக் கொடுக்கிறது என்று பாருங்கள். கதவில் அதைவிடச் சிறிய ஸ்பீக்கர் இருந்தால் 100 அல்லது 120 ஹெர்ட்ஸுக்கு உயர்த்தலாம்.

அடுத்தது கெயின். இதை ஒலியைக் கூட்டும் திருகு என்று எண்ணிக்கொண்டு முழுவதும் திருப்பிவைப்பவர்களே ஸ்பீக்கரை எரித்துக்கொள்கிறார்கள். ஹெட் யூனிட்டின் வெளியீட்டு அளவோடு ஆம்ப்ளிஃபையரைப் பொருத்துவதே அதன் வேலை. வாட்டையும் ஓமையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் தேவையான வோல்ட் கிடைக்கும்: 75 வாட், 4 ஓமுக்கு 17.3 வோல்ட், 200 வாட், 4 ஓமுக்கு 28.3 வோல்ட். ஸ்பீக்கர்களைக் கழற்றிவிட்டு, பேஸ் பூஸ்ட், ஈக்வலைசர் எல்லாவற்றையும் அணைத்து, ஹெட் யூனிட்டை முக்கால் அளவு ஒலியில் வையுங்கள். முன்பக்கத்துக்கு 1000 ஹெர்ட்ஸ், சப்வூஃபருக்கு 50 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியை ஓட்டி, மல்டிமீட்டரை மாறுதிசை வோல்ட்டில் வைத்து வெளியீட்டு முனைகளில் அளந்தபடி கெயினை மெல்ல உயர்த்தி, அந்த எண் வந்ததும் நிறுத்துங்கள். இனி ஹெட் யூனிட்டில் அந்த முக்கால் அளவைத் தாண்டக் கூடாது. சப்வூஃபர் மட்டும் தூக்கலாகக் கேட்டால் அதன் கெயினைக் காதுக்கு இதமாகக் குறைத்துக்கொள்ளலாம். கூட்டுவதற்கு மட்டும் அனுமதி இல்லை.

பிறகு சப்வூஃபரின் இரு கம்பிகளையும் ஒருமுறை இடம் மாற்றி இணைத்துக் கேளுங்கள். எந்த இணைப்பில் மேள அடி முன்பக்கத்திலிருந்து வருவதுபோல் கனமாகக் கேட்கிறதோ அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

ஹெட் யூனிட்டில் காலத்தாமத வசதி இருந்தால் அதைப் பயன்படுத்தாமல் விடாதீர்கள். ஒலி ஒரு மில்லி விநாடியில் சுமார் 34 சென்டிமீட்டர் பயணிக்கிறது. அருகிலிருக்கும் ஸ்பீக்கர் உங்கள் காதிலிருந்து 80 சென்டிமீட்டரும் தொலைவிலிருப்பது 140 சென்டிமீட்டரும் என்றால், அருகிலிருப்பதை 1.75 மில்லி விநாடி தாமதப்படுத்த வேண்டும். அளவுநாடாவும் ஐந்து நிமிடமும் போதும். கதவோரம் ஒட்டிக்கிடந்த பாடகரின் குரல் டாஷ்போர்டின் நடுவுக்கு வந்துவிடும்.

ஈக்வலைசரைக் கடைசியாகத் தொடுங்கள். உறுத்தும் பகுதியைக் குறைப்பதற்கு மட்டும். ஒன்றிரண்டு வாரம் ஓட்டிய பிறகு ஆம்ப்ளிஃபையர் முனைகளையும் எர்த் போல்ட்டையும் மறுபடி இறுக்கிவிட்டு, நீண்ட பயணம் ஒன்றின் முடிவில் ஃபியூஸ் தாங்கியைத் தொட்டுப் பாருங்கள். எஞ்சின் அறையின் பொதுவான சூட்டைவிட அது மட்டும் தனியாகக் கொதித்தால், உள்ளே கம்பி தளர்ந்திருக்கிறது. வண்டியை மறுபடி எடுப்பதற்கு முன் அதைச் சரிசெய்துவிடுங்கள்.